பெயர் வெட்டாத தகடு

1772 ஜூலை 6, திங்கள்

இந்தத் தாளின் மறுபுறம் ஆமணக்கு. இலை நரம்பில் மை அப்பிவிட்டதால் கழித்துப் போட்டது. எங்கள் வீட்டில் கழித்த தாளை எறிவதில்லை. நான்காக வெட்டி வைத்துக்கொண்டு, வண்ணானுக்குப் போட்ட துணி, சந்தையில் வாங்க வேண்டியது எல்லாவற்றையும் முதுகுப் பக்கத்தில் எழுதுவோம். பிரான்சிலிருந்து ஆறு மாதம் கடலில் வந்த தாள், சும்மா எறிய மனம் வராது.

இன்று காலை அவர் அப்படி ஒரு கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "சவரியம்மாள், உனக்குப் பேச மனமில்லையெனில் எழுதுவாயாக" என்றார். என் புருஷன் எத்தியேன் வோக்ளேர் பிரெஞ்சுக்காரர். தமிழைக் கோயில் உபதேசியாரிடம் கற்றுக்கொண்டார். அதனால் பதினைந்து வருஷமாக மீன்காரியிடமும் பிரசங்கத் தமிழில்தான் பேரம் பேசுகிறார். புதுச்சேரியில் படக்காரத் துரை என்றால் யாரும் வழி காட்டுவார்கள். இங்கே முளைக்கிற செடிகொடிகளை வரைந்து, அதைச் செம்புத் தகட்டில் வெட்டி, அச்சிட்டு, பாரிசில் ராஜாவின் தோட்டத்துக்கு அனுப்புவது அவர் வேலை. படத்துக்குக் கீழே எழுத்து வெட்டுவது என் வேலை.

பேச ஒன்றுமில்லை என்பதுதான் விஷயம். எழுதவும் இல்லை. தாள் இருக்கிறது, எழுதுகிறேன். அரிசி களைந்தேன். தவலையைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

ஜூலை 8, புதன்

வெயில். மை கிண்ணத்திலேயே இறுகுகிறது. விசேஷம் ஒன்றுமில்லை.

ஜூலை 11, சனி

மறுபுறம் எருக்கு.

என் அப்பா தரங்கம்பாடியில் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவர். கல்யாணச் சீராகப் போகிற குடம், தவலை, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றிலும் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பார். சமயத்தில் நகையும் செய்வார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லாததால் உளி என் கைக்கு வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் இங்கிலீஷ்காரன் புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கியபோது தரங்கம்பாடிக்கு ஓடிவந்தவர்களில் இவரும் ஒருவர். செம்புத் தகடு வாங்க அப்பாவிடம் வந்தார். நான் ஒரு குடத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்ததை வெகுநேரம் நின்று பார்த்தார். "இவ்வெழுத்தை வலமிருந்து இடமாகத் திருப்பி வெட்ட இயலுமோ?" என்று கேட்டார். என்னைப் பெண் கேட்டது அப்படித்தான். வேறு விதமாகக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தகட்டில் வெட்டியது தாளில் இடவலம் மாறி விழும். ஆகவே எழுத்தைத் தகட்டில் திருப்பி வெட்டினால்தான் தாளில் நேராக வரும். முதல் வருஷம் பக்கத்தில் கண்ணாடி வைத்து ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தேன். இப்போது கை தானாகப் போகிறது. தகட்டில் இருப்பதை நான் படிப்பதே இல்லை. எனக்கு அது வளைவும் கோடும்தான். தாளில் விழுந்த பிறகுதான் சொல்.

அந்தக் கண்ணாடி மார்ச் மாதத்திலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. ஆணி ஆடுகிறது, சரி செய்ய வேண்டும்.

ஜூலை 16, வியாழன்

அவர் தினமும் காலையில் எங்கோ போய்விட்டு வருகிறார். செடி பார்க்கப் போவதாகச் சொல்கிறார். கையில் செடி இருப்பதில்லை. முழங்காலில் மண் இருக்கிறது. நான் கேட்பதில்லை. துணியைத் துவைத்துப் போடுகிறேன்.

ஜூலை 20, திங்கள்

அச்சு உருளையைச் சுற்றுகிற அந்தப்பன் இன்று வரவில்லை, வயிற்றுக் கடுப்பாம். வேலை இல்லாததால் இதை எழுதுகிறேன்.

என் புருஷனுடைய அப்பா பிரான்சில் ரூவான் என்ற ஊரில் சீட்டுக்கட்டு செய்து விற்றவர். ராஜா, ராணி, சேவகன் என்று மரக்கட்டையில் வெட்டி அச்சடிக்கிற வீடு. பதின்மூன்று வயதில் இவரைப் பாரிசுக்கு அனுப்பி, செதுக்கு வேலைக்காரர் ஒருவரிடம் சேர்த்தார்கள். முதல் இரண்டு வருஷம் வானம் மட்டும் வெட்டினாராம். வானம் என்றால் பக்கம் பக்கமாக மெல்லிய கோடு, அவ்வளவுதான். மூன்றாம் வருஷம் துணிமடிப்பு. ஐந்தாம் வருஷம் கைகள். முகத்தை முதலாளி மட்டும்தான் தொடுவாராம். இவர் வீட்டில் ஒளித்துவைத்து எண்ணெய்ச் சாயத்தில் முகம் முகமாக வரைந்து பழகினார். ஓவியர்களின் பெரிய சபை ஒன்று இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால்தான் அங்கே மனிதர். ஒரு படத்தையும் அதைப் பார்த்து வெட்டிய தகட்டையும் எடுத்துக்கொண்டு போனார். பார்த்தவர்கள், கை நன்றாக இருக்கிறது, முகத்தில்தான் உயிரில்லை என்றார்கள். ஆறே மாதத்தில் கப்பலேறிவிட்டார்.

இங்கே வந்து செடி வரைந்தார். செடியிடம் யாரும் உயிரைக் கேட்பதில்லை.

ஒரே ஒரு முகம் அவருக்குச் சரியாக வந்தது. கையில் கிளியோடு நிற்கிற பெண், இரண்டு வருஷத்துக்கு முன் வெட்டியது. எண்ணெய்ப் படத்தை ஒரு மழைக்காலத்தில் கரையான் தின்றுவிட்டது. தகடு இருக்கிறது. அதைப் பாரிசுச் சபைக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன் கீழே பெயர் வெட்ட வேண்டும். நான் ஈஸ்டர் போகட்டும் என்றேன். பிறகு மழை போகட்டும் என்றேன். செடிகளுக்கு லத்தீனில் நீள நீளமாகப் பெயர் இருக்கிறது, எனக்கு வேலை அதிகம். சோதனைக்கு எடுத்த ஒரு தாள் மட்டும் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்தது. மார்ச் மாதம் அவர் அதைப் பிய்த்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆணியடித்து மூடுவதற்கு முன்னால். என்னைக் கேட்கவில்லை.

ரசம் வைத்தேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

மதாம் ப்ரேவால் பல்லக்கில் வந்தாள். ஆலோசனைச் சபையில் இருக்கிற பெரிய துரையின் மனைவி. இந்த ஊரிலேயே பிறந்து ஆயா கையில் வளர்ந்தவள். அதனால் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள், ஆயாவின் தமிழ். முழுக்கக் கறுப்பு உடுத்தியிருந்தாள். இந்த வெயிலில்.

ஜூன் மாதம் அவளுடைய பெண் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாளாம். ஏழு வயது.

"ஒரு படம்கூட இல்ல தொரை" என்றாள் மதாம். "எழுதி வைக்கணும், எழுதி வைக்கணும்னு சொல்லிக்கினே இருந்தோம். அடுத்த மழைக்கு அப்பால பாத்துக்கலாம்னு தள்ளிப்புட்டோம்."

"மதாம், நான் காணாத முகத்தை எங்ஙனம் வரைவேன்?"

"நான் சொல்றேன். நீங்க போடுங்க. பிரான்சுல என் மாமியார் இருக்காங்க, நாத்தனாருங்க இருக்காங்க. யாரும் அவளப் பாத்ததில்ல. இருநூறு தாளு அடிச்சுக் குடுங்க. அக்டோபர்ல போற கப்பல்ல அனுப்பணும்."

அவள் சொல்லச் சொல்ல அவர் சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்தார். நெற்றி சின்னது. மூக்கு நேர். கண் என்ன சொல்வது, கண்ணு மாதிரி கண்ணு. இரண்டு மணி நேரம். வந்ததெல்லாம் அவருடைய அப்பாவின் சீட்டுக்கட்டு ராணிகள்.

மதாமுக்கு மோர் கொடுத்தேன். தம்ளரைத் திருப்பித் தரும்போது என்னைப் பார்த்து ஏதோ கேட்க வந்தாள், கேட்கவில்லை.

ஆகஸ்ட் 7, வெள்ளி

மறுபடி வந்தாள். மறுபடி சீட்டுக்கட்டு.

ஆகஸ்ட் 10, திங்கள்

அடுப்படியில் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் வந்து நின்றார். படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அந்தத் தகடு இருக்கிறதே" என்றார்.

எந்தத் தகடு என்று நான் கேட்கவில்லை.

"அதில் நெற்றியையும் மூக்கையும் சற்று மாற்றினால் போதும். செம்பைத் தேய்த்து அழித்து மறுபடி வெட்டலாம். ஊரில் யாவரும் செய்கிற காரியமே. பாரிசில் ஒரு ராணி செத்தால் அவள் தலையைத் தேய்த்துவிட்டு அடுத்த ராணியின் தலையை வெட்டுவார்கள். உடையும் நாற்காலியும் அப்படியே இருக்கும்." பிறகு, "உனக்குச் சம்மதமா?" என்றார்.

"செம்பு சும்மாத்தான கெடக்குது. எடுத்துக்குங்க" என்றேன்.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அப்படியே சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 13, வியாழன்

மெழுகுத்துணியைப் பிரித்து அந்தப்பன் தகட்டைத் துடைத்தான். திருத்தங்களை முதலில் தாளின் மேல் மையாலும் வெள்ளையாலும் போட்டுப் பார்த்து, மதாம் சரி என்ற பிறகுதான் செம்பில் கைவைப்பது. அதற்காக நான்கு தாள் எடுக்கச் சொன்னார் அவர். உருளை சுற்றுகிற சத்தம் கேட்டபோது நான் கொல்லையில் முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தேன். நிறைய ஒடித்துவிட்டேன், இரண்டு பேருக்கு அவ்வளவு வேண்டாம்.

அந்தப்பன் கையைத் துடைத்துக்கொண்டே கொல்லைக்கு வந்தான். ரொம்ப நல்ல மனுஷன். முன்பு செக்கு ஓட்டினவன்.

"அம்மா, உங்களுக்குன்னு ஒரு தாளு எடுத்து வச்சுடட்டுமா? தொரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"வேணாம் அந்தப்பா. தாளு பத்தாது."

"பத்தும்மா."

"பத்தாதுன்னு சொல்றேன்ல."

அவன் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினொன்று இருந்தது.

ஆகஸ்ட் 15, சனி

மாதா திருநாள். தெருவில் பட்டுப்பாவாடைகள் போயின. சன்னலைச் சாத்திவிட்டேன், புழுதி.

ஆகஸ்ட் 19, புதன்

மதாம் வந்து மேசைமேல் இருந்த மூன்று தாள்களையும் பார்த்தாள். ஒன்றில் நெற்றியைத் தாழ்த்தியிருந்தார். ஒன்றில் மூக்கை நீட்டி, உதட்டை மெலிதாக்கியிருந்தார். இன்னொன்றில் தலைமுடியைச் சுருட்டி விட்டிருந்தார். நான் சன்னலருகில் நின்றபடி எட்ட இருந்து பார்த்தேன். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரப் பெண்ணாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சத்தியமாக ஒன்றும் தோன்றவில்லை.

"இல்ல. இது அவ இல்ல" என்றாள் மதாம். ஒவ்வொரு தாளுக்கும் அதையே சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டாள். எழுந்து போகும்போது அவளுடைய கைபட்டு மூன்றும் கீழே விழ, அடியில் இருந்த நான்காவது தாள் தெரிந்தது. திருத்தம் எதுவும் போடாத தாள்.

மதாம் குனிந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"இதுதான்" என்றாள். "தொரை, இதுதான். இத ஏன் ஒளிச்சு வச்சீங்க? என்னமோ கேக்க வாயெடுத்தா மாதிரி இருக்குது பாருங்க. இப்படித்தான் நிப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையில் விழுந்த தாள்களைப் பொறுக்கினேன். மதாம் நான்காவது தாளைச் சுருட்டிக் கையோடு கொண்டுபோய்விட்டாள். முகத்தில் ஒரு கோடும் மாற்ற வேண்டாமாம்.

இவர் போடுகிற முகத்தில் உயிரில்லை என்று சொன்ன அந்தச் சபைக்காரர்கள் இன்று இங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 22, சனி

மதாமிடமிருந்து சீட்டு வந்தது. கிளி வேண்டாம், அவளுடைய பெண்ணுக்குக் கிளி இல்லை. கையில் ஜெபமாலை வேண்டும். கன்னத்தில் நிழல் அதிகமாக இருக்கிறது, குறைத்தால் பெண் வெளுப்பாகத் தெரிவாள். காதில் இருக்கிற தோடு தமிழ்த் தோடு, அதை எடுத்துவிட வேண்டும்.

அந்தத் தோடு என் அப்பா கடைசியாகச் செய்த நகை, பேத்திக்காக. சின்னதாகச் சிவப்புக் கல் வைத்தது. இப்போது என் காதில் இருக்கிறது. பெட்டியில் வைத்தால் எங்காவது தொலைந்துவிடும்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

ராஜாவின் பெயர்நாள். கோட்டையில் பீரங்கி போட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது, பெருக்கினேன்.

செப்டம்பர் 1, செவ்வாய்

செம்பில் வெட்டியதை அழிப்பது இப்படி: முதலில் சுரண்டியால் சுரண்ட வேண்டும். அங்கே பள்ளம் விழும். தகட்டைக் கவிழ்த்து, பள்ளத்துக்கு நேர் பின்புறம் சின்னச் சுத்தியலால் தட்டினால் முன்புறம் மட்டமாகும். பிறகு எண்ணெய் விட்டு, வழவழப்பான இரும்பால் தேய்க்க வேண்டும். எவ்வளவு தேய்த்தாலும் முதல் சில தாள்களில் பழைய கோடு லேசாக விழும். அதற்குப் பிறகு போய்விடும்.

அவர் கிளியை மூன்று நாளில் அழித்துவிட்டார். ஜெபமாலை நன்றாக வந்தது. கன்னத்துக் கோடுகளையும் தேய்த்துவிட்டார். செம்பில் நிறம் ஏது, கோடு குறைந்தால் வெள்ளைக்காரப் பெண். அவ்வளவு சுலபம்.

தோட்டைத் தொடவில்லை. தினமும் அதன் முன்னால் உட்காருகிறார், எண்ணெய் விடுகிறார், எழுந்துவிடுகிறார்.

செப்டம்பர் 5, சனி

தோட்டை நான் அழித்தேன். எழுத்தில் பிழை வந்தால் அழிப்பது என் வேலைதான், தோடும் ஒரு சுழி போலத்தான் இருக்கிறது. பின்புறம் பதினாறு தட்டு. நன்றாகத்தான் தேய்த்தேன்.

சாயங்காலம் வடகம் எடுத்து உள்ளே வைத்தேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

இன்று எங்களுக்குள் வார்த்தை தடித்தது. எழுதக்கூடாது என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே, எழுத்து எப்போது வெட்டப் போகிறாய் என்றார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அது அவ மொகம். அதுக்குக் கீழ வேற பேரு வெட்டச் சொல்ல உங்களுக்கு மனசு வருதா? செடி வரையறவருக்குச் செடியும் புள்ளையும் ஒண்ணுதான் போல."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"இருநூறு தாள், சவரியம்மாள்" என்றார். "நாம் வைத்துக்கொண்டால் ஒரு தகடு. ஒரு பெட்டி. நான் செத்தால், நீ செத்தால், எவனோ ஒருவன் அந்தச் செம்பைப் பானைக்கு உருக்குவான். இப்போதோ இருநூறு வீடுகளில் சுவரின்மேல் இருப்பாள். நான் பிறந்த தேசத்தில் இருப்பாள். பெயர் எதுவாயினும் ஆகட்டும். அவளைப் பார்ப்பார்களல்லவா?"

நான் மோர்ச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு மட்டும் வலிக்கலியா சவரி?" என்றார்.

இதை அவர் பிரசங்கத் தமிழில் சொல்லவில்லை. என்னை அவர் சவரி என்று கூப்பிட்டதும் இல்லை. இந்தத் தமிழை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எனக்குத் தெரியும். அவர் முழங்காலில் ஏறி உட்கார்ந்து, "வலிக்கலியா சொல்லு பப்பா, வலிக்கலியா" என்று சொல்லவைத்து, அவர் நாக்குத் திரும்பாமல் திணறும்போது சிரிக்கிற சிரிப்பு தெரு வரைக்கும் கேட்கும்.

அவர் எழுந்து கை கழுவினார். நான் இலையை எடுத்தேன்.

செப்டம்பர் 9, புதன்

காலையில் அவர் கிளம்பும்போது தோட்டத்து நந்தியாவட்டையைப் பறித்து ஒரு இலையில் வைத்து வாசலருகில் வைத்தேன். எடுத்துக்கொண்டு போனார்.

செப்டம்பர் 17, வியாழன்

காற்று மாறுகிறது. தாள்களில் ஈரம் ஏறுகிறது, வெயிலில் பரப்பி வைத்தேன். கொள்ளு வேகவைத்தேன்.

செப்டம்பர் 24, வியாழன்

இன்று எழுத்து வெட்டி முடித்தேன்.

மதாம் எழுதிக்கொடுத்த சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டேன். ஒரே வரி, பெயரும் வயதும். தகட்டின் அடியில் இரண்டு மெல்லிய கோடுகள் போட்டுக்கொண்டு நேராக உளியால் வெட்டினேன். அந்த வெற்றிடம் இரண்டு வருஷமாகக் காத்திருந்த இடம், செம்பில் உளி நன்றாக இறங்கியது. மரி என்று தொடங்கும் பெயர். கிறிஸ்தவப் பெண்களில் பாதிப் பேருக்கு அப்படித்தான் தொடங்கும். சாப்பாட்டு வேளைக்குள் முடிந்தது. இவ்வளவு சீராக என் கை ஓடி ரொம்ப நாளாயிற்று.

கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. பதினோரு வருஷக் கைக்குக் கண்ணாடி எதற்கு.

செப்டம்பர் 26, சனி

இதை முழுவதும் எழுதப் பார்க்கிறேன்.

முதல் தாள் விழுவதைத் தானே பார்க்க வேண்டுமென்று மதாம் வந்தாள். அவர் தகட்டில் மை ஏற்றி, சல்லாத் துணியால் துடைத்து, கடைசியாக உள்ளங்கையால் துடைத்தார். அந்தப்பன் ஈரத்தாளை வைத்து, கம்பளியை மூடி, உருளையைச் சுற்றினான். தாளை உரித்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

நான் அடுப்படி வாசலில் இருந்தேன். மதாம் முகத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கீழே படித்தாள்.

"மரி-தெரேஸ் வோக்ளேர்" என்று மெதுவாகப் படித்தாள். "எட்டு வயது. யாரு இது?"

அந்தப்பனுக்குப் படிக்கத் தெரியாது. அவர் எட்டி அந்த வரியைப் பார்த்தார், அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் வந்து பார்த்தேன். என் எழுத்துதான். ஒரு சுழிகூடப் பிசகவில்லை. நான் இதுவரை வெட்டியதிலேயே நன்றாக இருந்தது. மரி வரைக்கும் இருவருக்கும் ஒன்று. அதற்குப் பிறகு கை எந்தப் பெயருக்காகக் காத்திருந்ததோ அதற்குப் போய்விட்டது. தகட்டில் அது எனக்கு வளைவும் கோடும்தான். இந்தத் தாளில்தான் சொல்லாயிற்று. தெரேஸ். தெரேசு. மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை நான் சொல்லவில்லை, எழுதவில்லை, யாரும் சொன்னாலும் எழுந்து போய்விடுவேன். இப்போது அது ஈரமாக, கறுப்பாக, அவள் முகத்துக்குக் கீழே இருந்தது.

அப்போதுதான் எனக்கு வலித்தது. ஆறு மாதமாக எங்கேயோ இருந்தது, அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"எழுத்துத் தப்பாயிட்டு மதாம்" என்றேன். "அழிச்சுச் சரி பண்ணிடறேன்."

மதாம் தாளில் அந்தப் பெண்ணின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தேய்த்த இடத்தில் தோட்டின் வட்டம் லேசாக விழுந்திருந்தது. நிமிர்ந்து என் காதைப் பார்த்தாள். பெரிய பெண்பிள்ளை காதில் அவ்வளவு சின்னத் தோடு.

"ஒனக்கும் ஒரு பொண்ணு இருந்துச்சுல்ல சவரி?"

"இருந்துச்சு மதாம்."

"அம்மையா?"

"அம்மைதான்."

மதாம் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். இந்தப் பெண் தன் பெண்ணில்லை, பாதித் தமிழச்சி என்று கோபித்துக்கொண்டு போய்விடுவாள், இருநூறு தாளும் வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். போனால் நல்லது என்றும் நினைத்தேன். அவரைப் பார்த்தேன். முகத்தைக் கைகளுக்குள் வைத்திருந்தார். அப்படி நினைத்ததற்காக வெட்கமாக இருந்தது.

"எம் பொண்ணு மொகம் எனக்கு மறந்துபோச்சு" என்றாள் மதாம். "அதான் நான் சொன்னதெல்லாம் தப்பாவே வந்துச்சு. மூணே மாசம். பெத்தவளுக்கு மறக்குமா? கண்ண மூடினா ஒண்ணும் வர்றதில்ல. இதப் பாத்ததும் உசிரோட இருக்குற புள்ள மாதிரி இருந்துச்சா, அதான் எடுத்துக்கினேன்."

அந்தப்பன் உருளையின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான்.

"எனக்கு இதான் வேணும்" என்றாள் மதாம், கெஞ்சுகிற குரலில். பெரிய துரையின் மனைவி என்னிடம் கெஞ்சினாள். "நீ குடுத்தா எடுத்துக்கறேன். பேர மட்டும் மாத்திக் குடு."

கேட்டது என்னை. அவரை அல்ல.

"கப்பலு எப்ப மதாம்?" என்றேன்.

"எட்டாந்தேதி."

"அதுக்குள்ள ஆயிடும்."

செப்டம்பர் 29, செவ்வாய்

அழித்தேன். கண்ணாடியைச் சுவரிலிருந்து எடுத்து, துடைத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு புதுப் பெயரை வெட்டினேன். மரி-அதெலாயித் தெ ப்ரேவால். ஏழு வயது. ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். கண்ணாடியில் என் முகமும் தெரிந்தது. தலை நரைத்திருக்கிறது.

அக்டோபர் 6, செவ்வாய்

இருநூறும் அடித்தாயிற்று. முதல் ஐந்தாறில் பழைய பெயர் நிழல்போல அடியில் தெரிந்தது. பிறகு இல்லை. அவர் அந்த ஐந்தாறையும் கட்டின் மேலேயே வைத்துக் கட்டினார். பிரான்சில் யாருக்காவது போய்ச் சேரட்டும்.

அக்டோபர் 8, வியாழன்

கப்பல் போயிற்று. இருவரும் கடற்கரைக்குப் போய் நின்று பார்த்தோம். பாய் மறைகிற வரைக்கும் நின்றோம். திரும்பும்போது அவர் வழக்கமாகப் போகிற பக்கம் திரும்பினார், நானும் கூடப் போனேன். அங்கே மண் இறுகிப் புல் முளைத்திருக்கிறது. அவர் அது என்ன புல் என்று லத்தீனில் சொன்னார். தெரேசு இருந்தால் சிரித்திருப்பாள் என்று நான் சொன்னேன். சிரிச்சிருப்பா, என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதற்கு வெட்டிவைத்த தாள்கள் தீர்ந்துவிட்டன. பிழையாக விழுந்த அந்த ஒரு தாளை மேசைமேல் வைத்திருந்தார்கள், வழக்கம்போல் நான்காக வெட்ட. கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்துவிட்டேன். முழுத்தாளாகவே கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில்தான் இதை எழுதுகிறேன். மறுபுறம் மை ஊறிவிடக்கூடாது என்று பேனாவை அழுத்தாமல் எழுதுகிறேன்.